எங்கள் பிள்ளைகள் கையில் துடைப்பம் வேண்டாம், பட்டறை வேண்டும்

கடந்த மாதம் எங்கள் மாலைப் பாடசாலையின் வரவு செலவுக் கூட்டத்தில் ஒரு சண்டை நடந்தது. நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்காகச் சின்ன சுத்தியல் இரண்டு, கத்தரிக்கோல் ஆறு, ஒரு கைரம்பம், ஆணி, பசை, கம்பி எல்லாம் வாங்க 1,500 ரூபாய் கேட்டோம். நோட்டுப் புத்தகத்துக்கும் கேரம் போர்டுக்கும் கேட்டால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. இதற்கு மட்டும் ஒரு தோழர் எழுந்து நின்றார்.

"எங்க அப்பா பஸ் ஸ்டாண்டுல செருப்பு தைச்சாரு தோழர். என்னை ஒரு நாள்கூட அந்தப் பெட்டியைத் தொட விடல. நான் குத்தூசியத் தொடாததாலதான் இன்னைக்கு என்ஜினியரா இருக்கேன். நீங்க என்னடான்னா நம்ம பிள்ளைங்க கையில மறுபடியும் சுத்தியலையும் ஊசியையும் குடுக்கப் பாக்குறீங்க. இதுக்குப் பேரு என்ன? குலக்கல்விதானே?"

யாரும் பேசவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் பணம் வசூலிக்க எங்களுக்கு உரிமையில்லை. அதனால்தான் இதை எழுதுகிறோம்.

முதலில், தோழரின் கோபத்தில் ஒரு துளிகூடத் தவறில்லை. 1953இல் சென்னை மாகாண முதலமைச்சராக இருந்த இராஜாஜி ஒரு தொடக்கக் கல்வித் திட்டம் கொண்டு வந்தார். கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளி நேரம் நாளுக்கு மூன்று மணி நேரம். மிச்ச நேரத்தில் பிள்ளை அப்பன் தொழிலைக் கற்க வேண்டும். நகரத்துப் பள்ளிகளுக்கு அது கிடையாது என்பதை மறந்துவிடாதீர்கள். மயிலாப்பூர்ப் பிள்ளை முழு நேரம் படிக்கும், மதுராந்தகத்துச் சேரிப் பிள்ளை பாதி நேரம் படித்துவிட்டு மாடு மேய்க்கும். பெரியாரும் திராவிடர் கழகமும் தி.மு.க.வும் அதற்குக் குலக்கல்வி என்று பெயர் வைத்தார்கள். காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்பு முற்றி, 1954இல் இராஜாஜி பதவி விலகினார். காமராசர் வந்த கையோடு திட்டத்தைத் தூக்கி எறிந்தார். அது நடந்திருக்காவிட்டால் இந்தக் கட்டுரையை எழுதுகிறவர்களில் பாதிப் பேருக்கு எழுத்துக்கூட்டவும் தெரிந்திருக்காது.

இராஜாஜிக்கு முன்னால் காந்தி. 1937இல் வார்தாவில் கூடிய மாநாட்டில், கைத்தொழில் வழியாகவே எல்லாப் பாடத்தையும் கற்பிக்கலாம் என்றார். பிள்ளைகள் கையில் தக்ளி வந்தது. நூல் நூற்றார்கள். நல்லெண்ணம் இருந்திருக்கலாம், நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் ஒரு கேள்வி கேட்போம். அந்தத் தக்ளியை இன்னும் வேகமாகச் சுற்ற வைப்பது எப்படி என்று எந்தப் பிள்ளையிடமாவது கேட்டார்களா? நூற்கச் சொன்னார்கள், பிள்ளை நூற்றது. என்ன செய்ய வேண்டும், எப்படிச் செய்ய வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் வேறொருவர் முடிவு. கை மட்டும் பிள்ளையுடையது.

இதெல்லாம் பழங்கதை என்று சொல்கிறவர்களுக்கு 2022ஐ நினைவூட்டுவோம். ஈரோடு மாவட்டம் பெருந்துறை அருகே ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் பட்டியல் சாதிப் பிள்ளைகளைக் கழிப்பறை கழுவ வைத்ததாகப் புகார் எழுந்து, தலைமையாசிரியர் கைது செய்யப்பட்டார். வழக்கு வரைக்கும் போனதால் அது செய்தியானது. வழக்குக்குப் போகாதவை எத்தனை என்பதை நீங்கள் படித்த தொடக்கப் பள்ளியை நினைத்துப் பார்த்து நீங்களே சொல்லுங்கள். சாக்பீஸ் எடுத்து வர ஒரு பிள்ளை, டீ வாங்க ஒரு பிள்ளை, வாளி தூக்க ஒரு பிள்ளை என்று பெயர் சொல்லிக் கூப்பிடும்போது ஆசிரியரின் கண் யார் மேல் போகும் என்பது மூன்றாம் வகுப்பிலேயே நமக்குத் தெரிந்துவிடுகிறது. நம் ஊரில் தொடக்கப் பள்ளி தரும் முதல் தொழிற்கல்வி அதுதான்.

ஆகவே பள்ளிக்கூடத்தில் கைவேலை என்ற பேச்சை எடுத்தாலே நம் ஆட்களுக்கு வயிறு எரிவது நியாயம். இதுவரை தோழரோடு நாங்கள் ஒரே பக்கம்.

இதற்கு மேல்தான் பிரிகிறோம். 1942 அக்டோபரில் அண்ணல் அம்பேத்கர் வைஸ்ராயிடம் பட்டியல் சாதியினரின் குறைகளை அடுக்கி ஒரு மனு கொடுத்தார். அரசு வேலை, பிரதிநிதித்துவம் எல்லாம் அதில் உண்டு. ஆனால் நம் கூட்டங்களில் யாரும் எடுத்துப் பேசாத பகுதி ஒன்றும் உண்டு. அறிவியலும் தொழில்நுட்பமும் படிக்க உதவித்தொகை கேட்கிறார். அரசு அச்சகங்களிலும் இரயில்வே பணிமனைகளிலும் நம் பிள்ளைகளுக்குத் தொழில் பழக இடம் கேட்கிறார். சட்டமும் பொருளியலும் படித்த மனிதர், எல்லாரும் வக்கீலாகுங்கள் என்று சொல்லிவிட்டுப் போகவில்லை. எந்திரத்துக்குப் பக்கத்தில் நம் ஆள் நிற்க வேண்டும் என்று கேட்டார். கிராமத்துத் தொழிலை விட்டு வெளியேறச் சொன்னவரும் அவர்தான், பணிமனைக் கதவைத் திறக்கச் சொன்னவரும் அவர்தான். இரண்டும் முரண் என்று நினைக்கிறவர்கள் சாதி என்ன செய்கிறது என்பதைச் சரியாகப் பார்க்கவில்லை.

சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்கிற மனிதர்களையே பிரித்துப் படிக்கட்டில் நிறுத்தியது என்பது அண்ணல் நமக்குக் கற்றுத் தந்த பாடம். அந்தப் படிக்கட்டில் இன்னொரு வெட்டும் விழுந்தது என்று நாங்கள் சேர்த்துச் சொல்வோம். யோசிக்கிற தலை ஒரு வீட்டில், செய்கிற கை இன்னொரு வீட்டில். குலக்கல்வி கையை மட்டும் எடுத்துக்கொண்டு தலையைத் திருப்பி அனுப்பியது. அதற்கு மாற்றாக நாம் தலையை மட்டும் பிடித்துக்கொண்டு கையை விட்டுவிட்டோம். மனப்பாடம், தேர்வு, மதிப்பெண், சான்றிதழ். தப்பித்து ஓடுகிறவனுக்கு அது சரியான வழிதான். ஆனால் எத்தனை தலைமுறைக்குத் தப்பித்துக்கொண்டே இருப்பது?

நாங்கள் கேட்கும் பாடத்துக்கு வடிவமைப்பும் தொழில்நுட்பமும் என்று பெயர். பெயர் பெரிது, சங்கதி எளிது. ஒரு தொல்லையைக் கண்டுபிடி. அதைத் தீர்க்க என்ன செய்யலாம் என்று படம் போடு. செய். வேலை செய்கிறதா பார். செய்யவில்லையா, ஏன் என்று சொல், மாற்று. இந்தக் கடைசி இரண்டும் இல்லாவிட்டால் அது வெறும் கைவேலை. காகிதப் பூ செய்வது, ஐஸ் குச்சியில் வீடு ஒட்டுவது, ஆசிரியர் வரைந்த கோட்டில் வெட்டுவது எல்லாம் அந்தக் கணக்கில்தான் சேரும்.

எங்கள் வகுப்பில் நடந்ததைச் சொல்கிறோம். வண்டி செய்யச் சொன்னோம். அட்டைப் பெட்டி, தண்ணீர் பாட்டில் மூடி நான்கு, ஸ்ட்ரா, ஈர்க்குச்சி. (துடைப்பத்திலிருந்து எங்களுக்கு வேண்டியது ஈர்க்குச்சி மட்டும்தான்.) எப்படிச் செய்வது என்று சொல்லவில்லை. பத்துப் பிள்ளைகளில் ஏழு பேர் ஈர்க்குச்சியைப் பெட்டியிலும் ஒட்டி, மூடியிலும் ஒட்டிவிட்டார்கள். வண்டி அசையவில்லை. ஒரு சிறுமி மட்டும் வாசலில் நின்ற சைக்கிளைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "அண்ணா, ஏதாவது ஒண்ணு சும்மா இருக்கணும்" என்றாள். அச்சும் சக்கரமும் ஒன்றாகச் சுற்றினால் அச்சு, பெட்டியில் ஒட்டாமல் ஸ்ட்ராவுக்குள் சும்மா கிடக்க வேண்டும். அச்சு நின்றால் சக்கரம் அதன் மேல் சும்மா சுற்ற வேண்டும். இயற்பியல் புத்தகம் நாலு வரியில் சொல்வதை அவள் ஒரு வரியில் சொன்னாள். அடுத்த தொல்லை, மூடியின் நடுவில் ஓட்டை போடாததால் வண்டி நொண்டியது. நடுவை எப்படிக் கண்டுபிடிப்பது? மூடியைத் தாளில் வைத்து வட்டம் வரைந்து, வெட்டி, இரண்டாக மடித்து, திரும்பவும் மடித்தார்கள். கோடுகள் வெட்டும் இடம் நடு. அன்று வகுப்பு முடிய இரவு எட்டரை ஆகிவிட்டது, அம்மாக்கள் வந்து திட்டினார்கள்.

பள்ளியில் கணக்கில் மட்டமென்று பின்வரிசையில் உட்கார வைக்கப்பட்ட பிள்ளைகள்தான் இவர்கள்.

இங்கிலாந்தில் 1990 முதல் இது தேசியப் பாடத்திட்டத்தில் இருக்கிறது. ஐந்து வயதில் தொடங்கிவிடுகிறார்கள். ஏழு வயதுக்குள் நெம்புகோல், சக்கரம், அச்சு. பதினொரு வயதுக்குள் பற்சக்கரம், கப்பி, சுவிட்சும் பல்பும் மோட்டாரும் போட்ட மின்சுற்று. சமையலும் இந்தப் பாடத்தில்தான் வருகிறது. ஆண் பிள்ளையும் பெண் பிள்ளையும் சேர்ந்து காய் நறுக்க வேண்டும். இங்கே என்ன நிலைமை? 2023இல் தூத்துக்குடி, கரூர் மாவட்டங்களில் தலித் பெண் சமைத்தார் என்பதற்காகக் காலை உணவைத் தம் பிள்ளைகளுக்கு மறுத்த பெற்றோர்களைப் பற்றிப் படித்தோம். அந்தப் பள்ளிகளில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே பலகையில் காய் நறுக்கி, ஒரே சட்டியில் கிண்டி, ஒன்றாகச் சாப்பிடுவது பாடமாக இருந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இங்கிலாந்து சொர்க்கம் என்று நாங்கள் சொல்லவில்லை. அங்கேயும் மேல் வகுப்புகளில் இந்தப் பாடத்தை எடுக்கிறவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். ஆனால் தொடக்கப் பள்ளியில் அது எல்லாருக்கும் உரிமையாக இருக்கிறது.

நம் நாட்டில் யாருக்கு இருக்கிறது? ஒன்றிய அரசின் அடல் டிங்கரிங் ஆய்வகங்கள் 2016இல் தொடங்கின. ஒரு பள்ளிக்கு 20 இலட்சம் ரூபாய், முப்பரிமாண அச்சுப்பொறி உட்பட. ஆனால் ஆறாம் வகுப்புக்கு மேல்தான். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஐந்தோடு முடிந்துவிடுகிறது. 2020 தேசியக் கல்விக் கொள்கையும் ஆறு முதல் எட்டு வரைதான் பேசுகிறது. பத்து நாள் புத்தகப்பை இல்லாமல் வந்து தச்சரிடமும் குயவரிடமும் தோட்டக்காரரிடமும் பிள்ளைகள் தொழில் பழகுமாம். பத்து நாளில் ஒரு பிள்ளை மண் பிசையக் கற்கும், சக்கரத்தை மாற்றி வடிவமைக்கக் கற்காது. அந்தப் பத்து நாளும் யார் பிள்ளைக்கு வேடிக்கை, யார் பிள்ளைக்கு விதி என்பதை நாங்கள் விளக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டு அரசு 2012இல் 16,000க்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்களை ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்விக்கு எடுத்தது. 5,000 ரூபாய் சம்பளம். அவர்களும் ஆறு முதல் எட்டு வகுப்புகளுக்கே, இன்று வரை பணி நிரந்தரத்துக்குப் போராடிக்கொண்டிருக்கிறார்கள். ஆக ஒன்று முதல் ஐந்து வரை யாரும் இல்லை. இதற்கிடையே மஞ்சள் வேன் வைத்திருக்கும் தனியார் பள்ளிகள் ஒன்றாம் வகுப்பிலேயே ரோபோ கிட் விற்கின்றன. அந்தப் பெற்றோர் யாரும் ஸ்குரூ டிரைவரைக் கண்டு குலக்கல்வி என்று அஞ்சுவதில்லை. அவர்கள் பிள்ளை கையில் இருந்தால் அதற்குப் பெயர் புத்தாக்கம், நம் பிள்ளை கையில் இருந்தால் கூலி வேலை.

எந்தத் தொல்லையைத் தீர்ப்பது என்று முடிவு செய்கிற இடத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதுதான் எங்களுக்கு முக்கியம். அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த பொறியியல் கல்லூரிகள் மட்டும் 400க்கு மேல். மனிதக் கழிவை மனிதன் அள்ளுவதற்குத் தடைச் சட்டம் 1993இலும் 2013இலும் வந்தது. குழிக்குள் இறங்கிச் சாகிறவர்கள் யாரென்று உங்களுக்குத் தெரியும். இத்தனை கல்லூரிகளில் எத்தனை இறுதியாண்டுத் திட்டங்கள் இந்தக் குழியைப் பற்றி நடந்திருக்கும்? கேரளத்தில் சில இளம் பொறியாளர்கள் 2018இல் பாண்டிகூட் என்ற எந்திரத்தைக் கொண்டு வந்தார்கள், வாழ்த்துகிறோம். மற்றவர்கள் மூளை இல்லாதவர்கள் இல்லை. குழிப் பக்கம் நின்றவர்கள் இல்லை, அவ்வளவுதான்.

எங்கள் வகுப்பில், உங்கள் தெருவில் எதை மாற்ற வேண்டும் என்று படம் போடச் சொன்னபோது ஒன்பது வயதுப் பையன் ஒருவன் சாக்கடை மூடியையும் அதற்குள் தொங்கும் ஒரு கையையும் வரைந்தான். அவன் அப்பா நகராட்சியில் ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளர். எங்களில் சிலருக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தப் படத்தைச் சட்டம் போட்டு மாட்டலாம் என்று ஒருவர் சொன்னார். இன்னொரு தோழர், ஓராண்டாக அந்த வகுப்பை நடத்துகிறவர், "அழுதது போதும், அந்தக் கை எப்படி மூடும்னு அவனைக் கேளுங்க" என்றார். கேட்டோம். இரண்டு கொட்டாங்குச்சிகளைக் கம்பியால் விளிம்பில் கோத்து, கழியில் கட்டி, சணல் கயிற்றை இழுத்தால் மூடும்படி செய்தான். மூடியது, ஆனால் திறக்கவில்லை. ஒரு வாரம் அதோடு மல்லுக்கட்டினான். பிறகு சைக்கிள் டியூபிலிருந்து ஒரு பட்டை வெட்டி எதிர்ப்பக்கம் கட்டினான். கயிறு மூடுகிறது, ரப்பர் திறக்கிறது. அதை வைத்து ஒரு வாளிச் சேற்றை அள்ளிக் காட்டினான். அவன் அப்பாவின் வேலையை அது மாற்றிவிடப் போவதில்லை. ஆனால் அப்பன் தொழிலை அவன் கற்றானா, அப்பன் தொழிலை ஒழிக்க வழி தேடினானா? குலக்கல்வி என்று சொன்ன தோழரிடம் நாங்கள் கேட்கும் கேள்வி இதுதான்.

தோலைப் பற்றியும் பேசியாக வேண்டும். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஊறிய நீரில் பச்சைத் தோல் எத்தனை நாள் கிடக்க வேண்டும் என்று அறிந்தவர்கள் நம் பாட்டன்மார். பறைக்குச் சட்டம் வளைத்து, புளியங்கொட்டைப் பசையில் தோல் ஒட்டி, தீயில் காய்ச்சிச் சுருதி ஏற்றியவர்கள். சென்னை அடையாற்றில் 1948 முதல் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அங்கே தோலைத் தொட்டால் முனைவர் பட்டம். சேரியில் தொட்டால் தீட்டு. காஞ்சா அய்லய்யா 2007இல் குழந்தைகளுக்காக ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். உழவர், குயவர், தோல் தொழிலாளர், சலவைத் தொழிலாளர், முடிதிருத்துவோர் எல்லாரையும் அறிவியல் அறிந்தவர்களாகப் பேசும் நூல். அதைப் படியுங்கள். ஆனால் உழைப்பின் மாண்பு என்று மேடையில் பேசுகிறவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். அப்படிப் பேசுகிறவர் வீட்டுக் கழிப்பறையை யார் கழுவுகிறார் என்று பார்த்துவிட்டுக் கை தட்டுங்கள்.

தோலும் பறையும் தொடக்கப் பள்ளிப் பாடத்துக்குள் வரலாம் என்பதே எங்கள் நிலை. ஒரே ஒரு நிபந்தனை. ஊர்ப் பிள்ளையின் கையும் சேரிப் பிள்ளையின் கையும் ஒரே தோலில் பட வேண்டும். நம் பிள்ளைகள் மட்டும் தொடுவதாக இருந்தால் அந்தப் பாடமே வேண்டாம்.

இன்னொரு எதிர்ப்பும் வரும். எழுத்துக்கூட்டவே தெரியாத பிள்ளைக்கு வண்டி எதற்கு என்பார்கள். எண்ணும் எழுத்தும் திட்டத்தை நடத்தும் ஆசிரியர்களுக்குப் பதிவேடு நிரப்பவே நேரம் போதவில்லை, அவர்கள் சிரமம் எங்களுக்குத் தெரியும். ஆனால் அளக்காமல் வெட்ட முடியாது, படத்தில் பெயர் எழுதாமல் கூட்டாளிக்குப் புரியவைக்க முடியாது. மும்பை ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளோடு பை தைப்பது, காற்றாலை மாதிரி செய்வது, பொம்மலாட்டம் நடத்துவது என்று இதை முயன்றிருக்கிறது. நகரத்தில் மட்டுமல்ல, பழங்குடிப் பகுதியிலும். செலவும் பெரிதில்லை. தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூபையும் வைத்து அரவிந்த் குப்தா எத்தனை எத்தனை உருவங்களைச் செய்து காட்டினார். 20 இலட்சம் இல்லாமலே தொடங்கலாம். அதற்காக அரசு 20 இலட்சம் தர வேண்டாம் என்று நாங்கள் சொல்வதாக யாரும் எழுதிக்கொள்ள வேண்டாம். குப்பையில் செய்யும் பொம்மை சேரிப் பள்ளிக்கு, நல்ல கருவி வேன் பள்ளிக்கு என்றால் அது வேறு வடிவத்தில் அதே குலக்கல்வி.

பாடம் வந்தாலும் கண் அயரக் கூடாது. பெண் பிள்ளைக்கு ஊசி, ஆண் பிள்ளைக்கு ரம்பம் என்று பிரித்தால் கேளுங்கள். தொழில்நுட்ப வகுப்பு என்று நேர அட்டவணையில் எழுதிவிட்டு வளாகத்தைக் கூட்டச் சொன்னால் படம் எடுங்கள். எல்லாப் பிள்ளையும் ஒரே மாதிரிப் பொருளைச் செய்து கண்காட்சியில் வைத்திருந்தால், அது ஆசிரியரின் வடிவமைப்பு என்று அறியுங்கள். உடைந்துபோன, திருத்தப்பட்ட, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பொருட்கள் மேசையில் கிடந்தால் அங்கே ஏதோ நல்லது நடக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் நம் பெற்றோர் இருக்கிறார்கள். வாரம் ஒரு மணி நேரம், எல்லாப் பிள்ளைக்கும், பாதுகாப்பான கருவியோடு என்று தீர்மானம் போடச் சொல்லுங்கள். தீர்மானத்தின் நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சண்டை போட்ட தோழர் இன்னும் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் 1,000 ரூபாய் கொடுத்தார். "எது வேணா வாங்குங்க, குத்தூசி மட்டும் வேணாம்" என்றார். எங்கள் பாடசாலையில் இருப்பது நம் தெருப் பிள்ளைகள் மட்டும்தான். ஊர்த் தெருவிலிருந்து ஒரு பிள்ளைகூட இதுவரை வரவில்லை. வரும் வரைக்கும் அவர் சொல்வதே சரி. குத்தூசி வாங்கவில்லை.

பாலிடெக்னிக்கிலும் பொறியியல் கல்லூரியிலும் படிக்கிற தம்பி தங்கைகள் சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு வாருங்கள். உரை நிகழ்த்த வேண்டாம், பிள்ளைகள் கேட்கிற கேள்விக்குப் பதில் தெரிந்தால் போதும். போன வாரம் கேட்ட கேள்வி, அடிபம்பின் கைப்பிடி ஏன் அவ்வளவு நீளம். பழைய சைக்கிள் டியூப் இருந்தால் எடுத்து வாருங்கள்.